தேவகி விட்டுக்கொடுத்த பாடு

கோதண்டத்தின் மகள் தேவகிக்கு எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி என்று இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற குப்பத்தில் பிறந்தவள். அலைச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. பொன்னேரிக்கு பஸ் ஏறி காலேஜ் போன காலத்திலும் சரி, பெங்களூரில் வானியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகும் சரி, அந்தத் தொண்டை மட்டும் திருந்தவே இல்லை. அதனால் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவள், "நம்ம கேலக்ஸியோட நடு முழிச்சிக்கிச்சு நைனா" என்று அப்பனிடம் சொன்னது நாலு வீடு தள்ளி வலை பிரித்துக்கொண்டிருந்த சகாதேவனுக்கும் கேட்டுவிட்டது. ஏதோ நல்ல சேதி என்று மட்டும் புரிந்துகொண்டு அவர் அங்கிருந்தே கையை உயர்த்திக் காட்டினார்.

"நம்ம கேலக்ஸி" என்று அவள் சொந்தம் கொண்டாடியது நாம் குடியிருக்கிற பால்வீதியை அல்ல. எங்கேயோ கோடிக்கணக்கான ஒளியாண்டு தூரத்தில் இருக்கிற இன்னொரு விண்மீன் மண்டலத்தை. அதற்குப் பேர்கூடக் கிடையாது, நீளமாக ஒரு நம்பர்தான். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த நாளிலிருந்து தேவகி அதன் படங்களைப் பார்த்து வருகிறாள். பெரிய மண்டலங்களின் நடுவில் ஒரு ராட்சதக் கருந்துளை உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் அது பட்டினியாகச் சும்மா கிடக்கும். சில இடங்களில் மட்டும் சுற்றியுள்ள வாயு அதற்குள் விழ ஆரம்பிக்கும். விழுகிற வாயு சுழன்று, உரசி, சூடேறி, அந்த மண்டலத்து நட்சத்திரங்கள் எல்லாம் சேர்ந்து தருகிற வெளிச்சத்தையே தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி எரியும். தேவகியின் மண்டலம் இத்தனை வருஷமும் தூங்குமூஞ்சியாக இருந்தது. ஐப்பசி வாக்கில் அதன் நடு பளிச்சிடத் தொடங்கியது. அதை முதலில் கவனித்தவள் அவள்தான்.

கோதண்டத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. "கருப்புத் துளைன்ற. அதுலேர்ந்து எப்டிம்மா வெளிச்சம் வரும்?" என்று கேட்டார். வெளிச்சம் துளையிலிருந்து வருவதில்லை, உள்ளே போவதற்கு முன்னால் வாசலில் நடக்கிற தள்ளுமுள்ளில் வருகிறது என்று அவள் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்து, "ஐஸ் லாரி மாதிரின்னு சொல்லு. லாரிக்குள்ள போன மீனு கம்முனு கெடக்கும். ஏலம் உடுற எடத்துலதான் அத்தினி கூச்சலு" என்றார். தேவகிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த கருத்தரங்கில் இதைத் திருடிக்கொள்ளப் போவதாக அவரிடமே சொல்லிவிட்டாள்.

ஆனால் அவள் சேர்ந்து வேலை செய்கிற, பல நிறுவனத்து ஆட்கள் அடங்கிய ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் லோகநாதன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. நடுவுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது, சில மாதத்தில் தானே அணைந்துவிடும் என்பது அவர் கட்சி. மனிதர் கெட்டவர் இல்லை. வெடித்த நட்சத்திரத்தைப் பார்த்து நடு விழித்துவிட்டது என்று குதித்தவர்கள் பிறகு முகத்தைத் தொங்கப் போட்டதை நிறையப் பார்த்தவர். யார் சொல்வது சரி என்று தெரிய வேண்டுமானால் அந்த வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து நிறமாலை எடுக்க வேண்டும். அதற்குப் பெரிய தொலைநோக்கி வேண்டும். சிலி நாட்டு மலை ஒன்றில் இருக்கிற அந்தத் தொலைநோக்கியைப் பல நிறுவனங்கள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. பொங்கல் கழிந்த வாரத்தில் தேவகிக்கு ஒரு மணி நேரம் முறை வந்தது. மலை ஏறிப் போக வேண்டியதில்லை. நெட் கிடைக்கிற இடத்தில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்; அதனால் அவள் பெங்களூருக்குத் திரும்பாமல் ஊரிலேயே தங்கி ஆராய்ச்சி ஏட்டை எழுதிக்கொண்டிருந்தாள். அங்கே அந்தி மங்கி இருட்டுகிற நேரத்தில் இங்கே பொழுது விடிந்திருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் சொன்னது நிலைத்தால் முதலில் கண்டவள் என்று அவள் பெயர் நிற்கும். பிஎச்.டி. பட்டமும் அதை நம்பித்தான் இருந்தது.

முறைக்கு முந்தின நாள் கார்த்திக் போன் செய்தான். வேறொரு நிறுவனத்தில் இருக்கும் திருச்சிக்காரன், இவள் வயதுதான். வீடியோ கூட்டங்களில் முகம் பார்த்த பழக்கம் மட்டும் உண்டு. அவன் வேலை வெடிக்கிற நட்சத்திரங்களைத் துரத்துவது. அன்றைக்கு வேறொரு மண்டலத்தில் ஒன்று புதிதாக வெடித்துக் கிடைத்திருந்தது. சுடச்சுடப் பார்த்தால்தான் உண்டு. ஒரு வாரம் போனால் பார்க்க வேண்டிய சமாச்சாரம் எல்லாம் ஆறிவிடும். அவனுடைய முறையோ மாசியில்தான் வருகிறது. உங்கள் நேரத்தை எனக்குத் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். தேவகியின் வழிகாட்டியான பேராசிரியர் ரோஸ்மேரி, முடிவு உன்னுடையது, நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன் என்றார். தேவகி கொடுத்துவிட்டாள். பல் தேய்க்கிற நேரம்கூட யோசிக்கவில்லை.

அவள் ஏன் யோசிக்கவில்லை என்று தெரிய வேண்டுமானால் குப்பத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏரியில் இறால் விழுகிற நல்ல இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. முகத்துவாரத்துப் பக்கம் கம்பு நட்டு வலை கட்டினால் அள்ளலாம்; உள்ளே தள்ளிப் போனால் ஈரத் துணியோடு திரும்ப வேண்டியதுதான். அதனால் எல்லோருக்கும் எல்லா இடமும் கிடைக்கிற மாதிரி முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒரு வீட்டில் சாவு, கல்யாணம், காய்ச்சல் எது வந்தாலும் அன்றைய பாட்டை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்கலாம். வாங்கினவனின் அடுத்த பாடு கொடுத்தவனுடையது. அதோடு, அன்றைக்கு விழுந்ததில் ஏலத்துக்கு முன்னால் ஒரு கை அள்ளி, "குழம்புக்கு" என்று சொல்லி, பாட்டைக் கொடுத்தவன் வீட்டில் வைத்துவிட்டுத்தான் மறுவேலை. அந்தக் குழம்பு மீன் நல்லதா பொடியா என்று யாரும் பார்ப்பதில்லை. இதை யாரும் எழுதி வைக்கவும் இல்லை, யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்துவதும் இல்லை. வாயில் போட்ட சோற்றை மெல்ல வேண்டும் என்று யாராவது சொல்லித் தருவார்களா?

ஆக தேவகி போட்ட கணக்கு ரொம்ப எளிது. அவன் நட்சத்திரம் ஆறிப்போகிற சரக்கு. தன்னுடைய நடு இப்போதுதான் பசி எடுத்துச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவு சீக்கிரம் எழுந்துகொள்ளாது. இன்றைக்கு அவன் பார்க்கட்டும், மாசியில் அவன் முறையில் நாம் பார்த்துக்கொள்ளலாம். அந்த மாசி விஷயத்தை அவள் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றினால்தானே! கார்த்திக் ஆயிரம் நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தான்.

தை முடியப் போகிற சமயத்தில், மாசியில் எந்தத் தேதி என்று கேட்க அவளே அவனைக் கூப்பிட்டாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த முறை என்று திருப்பிக் கேட்டான். அந்த நேரத்தில் வேறு இரண்டு நட்சத்திரங்களைப் பார்ப்பதாக அவனுடைய பேராசிரியரிடம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறான். "நீங்க குடுத்துட்டீங்கன்னுல்ல நினைச்சேன்" என்றான். அவன் குரலில் கள்ளம் இல்லை. ஏமாற்றுகிறவனாக இருந்தால் சண்டை போடலாம். இவனுக்கு அப்படி ஒரு வழக்கம் உலகத்தில் இருப்பதே தெரியாது.

ரோஸ்மேரியிடம் கேட்டாள். தொலைநோக்கி விதிகளில் அப்படி எதுவும் இல்லை, கொடுத்தால் கொடுத்ததுதான் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். புதிதாக விண்ணப்பிக்கவும் நேரம் இல்லை. மாசி தாண்டினால் அந்த மண்டலம் சூரியன் பக்கம் சாய்ந்துவிடும்; மறுபடி தலை காட்ட ஆடி ஆகும். வெளிநாட்டுக் குழு ஒன்றும் அதே மண்டலத்தை மோப்பம் பிடித்திருந்தது. ஆடியில் அது வெளியே வந்ததும் பெரிய பெரிய தொலைநோக்கிகளோடு அவர்கள்தான் முதலில் பாய்வார்கள். அத்தனை வருஷம் தூங்குமூஞ்சிக்குக் காவல் இருந்தவள் இவள், அது விழித்ததைச் சொல்லப் போகிறவர்கள் அவர்கள்.

தேவகி அழுதாள். அதையும் மெதுவாகச் செய்யத் தெரியாததால் தெருவுக்கே கேட்டது. திருச்சிக்காரன் பாட்டைத் தின்றுவிட்டான், ஏமாற்றிவிட்டான் என்று என்னென்னவோ சொன்னாள். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த அவள் அம்மா பவுனம்மாள் கதை முழுவதையும் கேட்டாள். தெரியாதவனை ஏமாத்துக்காரன் என்று சொல்லாதே, அவன் வீட்டில் யாருக்குப் பாடு இருந்தது, அவன் தெரிந்துகொள்ள என்று மகளை அதட்டினாள். கோதண்டத்துக்கு இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்றே விளங்கவில்லை.

"குடுத்த பாடு திரும்பலைன்னா இன்னா பண்ணுவோம்? ஊர்ல நின்னு கேப்போம். உனுக்கும் அங்க ஒரு ஊர் இருக்குதில்ல? போயி நில்லு. திட்டாத, அழுவாத. கேளு" என்றார்.

தேவகி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நைனா சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று பட்டது. அந்த வாரமே குழுவின் வீடியோ கூட்டம் இருந்தது. குப்பத்தில் நெட் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் புயல் பாதுகாப்பு மையத்தின் மாடி ஒன்றுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப்போடு அங்கே ஏறினாள். ஒவ்வொருவராக அவரவர் வேலையைச் சொல்லி முடித்ததும், தனக்கு ஒன்று கேட்க வேண்டும் என்றாள். ஊர்க் கூட்டத்தில் கேட்கிறவர்கள் எழுந்து நின்றுதான் கேட்க வேண்டும். பழக்க தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டாள். பெரிய மனிதர்கள் அத்தனை பேருக்கும் அவள் இடுப்பும் பின்னால் உப்புக்காற்றில் உரிந்துபோன சுவரும் மட்டும் தெரிந்தன. லோகநாதன் உட்காரச் சொன்னார். அவள் லேப்டாப்பைத் தூக்கி ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு நின்றபடியே பேசினாள்.

பாடு என்றால் என்ன, விட்டுக்கொடுத்தால் எப்படித் திரும்பும், குழம்பு மீன் யார் வீட்டுக்குப் போகும் என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். "எங்க ஊர் வழக்கத்தை நெனச்சிக்கினு குடுத்தேன். அந்த வழக்கம் இங்க இல்லைன்னு எனக்குத் தெரியாது, அது என் தப்பு. ஆனா என் பாடு திரும்பி வரலை. அதை உங்க எல்லார் முன்னாலயும் கேக்கிறேன்" என்று முடித்தாள்.

பெரிய சங்கடமாகப் போய்விட்டது. இந்த மாதிரி விஷயங்களை அங்கே தனியாக மின்னஞ்சலில் பேசி, தனியாகவே புதைத்துவிடுவார்கள். இப்படிப் பந்தியில் எழுந்து நின்று யாரும் சோறு கேட்டதில்லை. லோகநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, விதியில் இதற்கு இடமில்லை என்று தன்மையாகத்தான் சொன்னார். நான் விதியைக் கேட்கவில்லை, கார்த்திக்கைக் கேட்கிறேன் என்றாள் தேவகி. எல்லோரும் திரையில் கார்த்திக்கின் கட்டத்தைப் பார்த்தார்கள். அவன் முகம் சிவந்து கிடந்தது.

"மாசி முறை தேவகியோடதுதான். எங்க சார்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான். பிறகு கொஞ்சம் தடுமாறி, "இன்னொண்ணும் சொல்லணும். அன்னைக்கு என் வேலை முடிஞ்சும் அவங்க நேரத்துல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அவங்க நேரம்தானேன்னு அவங்க கேலக்ஸி பக்கம் திருப்பினேன். பாதியில மேகம் வந்துருச்சு. சுமாராத்தான் விழுந்திருக்கு. இவ்வளவு பெரிய உதவி பண்ணவங்களுக்கு இதப் போயி எப்படிக் குடுக்குறதுன்னு வெக்கப்பட்டு வச்சுட்டேன்" என்றான்.

தேவகி அப்போதுதான் உட்கார்ந்தாள். சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது பவுனம்மாள் சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "அப்ப குழம்புக்கு எடுத்து வெச்சிக்கினுதான் இருந்துகிறான். வூட்டாண்ட கொண்டாந்து குடுக்கத்தான் வெக்கம்" என்றாள். வழக்கம் தெரியாமலே வழக்கப்படி நடந்தவன் என்று கோதண்டத்துக்கு அந்தப் பையன்மேல் ஒரு தனி மரியாதையே வந்துவிட்டது.

கார்த்திக் அனுப்பிய நிறமாலை சுமார்தான், அவன் பொய் சொல்லவில்லை. வரைபடக் கோடு முழுக்கச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. ஆனால் ஹைட்ரஜன் வாயுவின் வெளிச்சம் இருக்க வேண்டிய இடத்தில் கூர்மையான ஊசிக்குப் பதிலாக அகலமாய் ஒரு மேடு தெரிந்தது. வாயு படுவேகத்தில் பறக்கிறது என்று அதற்கு அர்த்தம். நடுவைச் சுற்றிப் பறக்கிறது என்றாள் தேவகி. வெடித்த நட்சத்திரத்திலிருந்து தெறித்துப் பறந்தாலும் இதே மேடு வரும் என்றார் லோகநாதன். அதையும் மறுக்க முடியாது. வெடிப்பு என்றால் மாசிக்குள் அந்த மேடு தணிந்து உருமாறியிருக்கும்; தின்கிற நடு என்றால் நிற்கும், வளரவும் வளரலாம். வளர்ந்திருக்கும் சார் என்று தேவகி அடித்துச் சொன்னாள். பார்க்கலாம் என்றார் அவர்.

மாசி முறை வந்த அன்று விடிகாலையில் வாடைக்காற்று சுத்தமாக நின்றுபோய், ஏரி அசையாமல் கிடந்தது. தேவகி பாதுகாப்பு மையத்து மாடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். சிலியில் வானம் தெளிவு என்று சேதி வந்தது. திரையின் ஓரத்தில் ரோஸ்மேரி, லோகநாதன், கார்த்திக் மூவரும் இருந்தார்கள். கீழே படகுகள் திரும்பி வந்து, ஏலக் கூச்சல் ஆரம்பித்திருந்தது. ராத்திரி வலை கட்டப் போயிருந்த கோதண்டம் ஈரக் கைலியோடு மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டார். அந்த இடத்தில் தனக்கு என்ன வேலை என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. தேவகி அதற்கு முன்னால் எத்தனையோ நிறமாலைகளைப் பார்த்தவள்தான். இருந்தாலும் அந்தக் கோடு திரையில் எழும்பியபோது இரண்டு தடவை சரிபார்த்தாள். அதைப் பழைய கோட்டின்மேல் வைத்தாள். தை மாத மேடு, மாசி மாத மேடு. மாசி மேடு ஒன்றரை மடங்கு உயரமாக, சிலிர்ப்பே இல்லாமல், வழுவழுவென்று நின்றது. உருமாறவும் இல்லை, தணியவும் இல்லை.

லோகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "நடுதான்" என்றார். பிறகு, தை மாதம் நீயே உன் நேரத்தில் பார்த்திருந்தால் இந்த ஒரு மேட்டை வைத்துக்கொண்டு என்னிடம் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருப்பாய், இரண்டு இருப்பதால் இனி எனக்கு வாய் இல்லை என்று தாராளமாகவே ஒப்புக்கொண்டார். தேவகி அதை அதுவரை நினைத்துப் பார்க்கவில்லை. பாட்டை விட்டுக்கொடுத்ததால்தான் இரண்டு மேடு கிடைத்தது. அவன் மிச்சத்தை அவளுக்கென்று எடுத்து வைத்ததால்தான் முதல் மேடே கிடைத்தது. "நைனா, நம்ம நடு!" என்று அவள் போட்ட சத்தத்தில் கீழே ஏலம் ஒரு நிமிஷம் நின்று மறுபடி தொடர்ந்தது. கோதண்டம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையும் அந்த மண்டலத்துக்கே கொடு, கோடு இன்னும் துல்லியமாகும் என்றார் ரோஸ்மேரி. நல்ல யோசனைதான். தேவகி முடியாது என்று தலையாட்டிவிட்டு, தை மாதம் வெடித்த கார்த்திக்கின் நட்சத்திரம் இருந்த இடத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்பச் சொன்னாள். கார்த்திக் பதறிப்போய், அது முக்கால்வாசி அணைந்திருக்கும், உங்கள் நேரத்தை வீணாக்காதீர்கள் என்றான். எவ்வளவு அணைந்திருக்கிறது என்று தெரிய வேண்டாமா என்று கேட்டாள். அவனுக்கு அது தேவைதான்.

விழுந்தது கொஞ்சம்தான். இருக்கிறதா இல்லையா என்று கேட்கிற மாதிரி ஒரு மங்கல் கோடு. தேவகி அதைச் சுத்தம் செய்யக்கூட உட்காரவில்லை. கீழே ஏலம் முடிவதற்குள் அப்படியே அவனுக்கு அனுப்பினாள். மேலே ஒரே ஒரு வார்த்தை எழுதினாள்: குழம்புக்கு.